சபை வாசலில் ஒரு டஜன் கறுப்புக் கண்ணாடி

சாந்த்ராகாச்சி,
12 ஆகஸ்ட் 1996

மதிப்பிற்குரிய செயலாளர் ஐயா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். கடிதம் எழுதுவதற்காக முதலில் என்னை மன்னிக்க வேண்டும். நேரில் சொல்ல வேண்டிய விஷயம்தான். நேற்று ஆராதனை முடிந்து நீங்கள் சைக்கிளை எடுக்கும்போது பக்கத்தில் வந்து நின்றேன். "என்னம்மா?" என்று கேட்டீர்கள். "ஒன்றுமில்லை அங்கிள், மழை வரும்போல இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அப்போது மழை பெய்துகொண்டுதான் இருந்தது. எனக்கு ஆட்கள் முன்னால் வாய் வராது.

நான் மஹிமா. ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கும் ஞானப்பட்டுவின் மகள். போன வருடம் விலங்கியலில் பி.எஸ்ஸி. முடித்தேன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியதே நான்தான் என்பதால் அம்மா இதை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். உங்களிடமும் சொல்லியிருப்பாள்.

முதல் விஷயம் கண்ணாடிப் பெட்டி. ஊரெல்லாம் கண் நோய் பரவும் நேரத்தில் நம் கமிட்டி சும்மா இருக்காமல் தீர்மானம் போட்டது நல்லதுதான். ஆனால் ஐயா, இந்த நோய் பார்வையில் பரவுவதில்லை. கண்ணைத் தொட்ட கையில் பரவுகிறது. கண்ணைத் துடைத்த துணியிலும் பரவுகிறது. எல்லோரும் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும், இல்லாதவர்கள் வாசலில் உள்ள பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும், முடிந்ததும் பெட்டியிலேயே திருப்பிப் போட வேண்டும் என்கிறீர்கள். காலையில் ஒருவர் போட்ட அதே கண்ணாடியை மாலை ஜெபக்கூட்டத்தில் வேறொருவர் போடுகிறார். நோய்க்கு நாமே வண்டி கட்டி அனுப்புகிறோம். தயவுசெய்து அந்தப் பெட்டியை எடுத்துவிடுங்கள். போதகர் அறையில் கை துடைக்கத் தொங்கும் பொதுத் துண்டையும் எடுத்துவிட்டால் நல்லது.

இரண்டாவது விஷயம் அம்மா. நான்காம் தேதி அறிவிப்பில், "ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒரு சகோதரி மூலமாக இந்த நோய் நம் சபைக்குள் வந்திருக்கிறது, ஜெபத்தில் தாங்குவோம்" என்று சொன்னீர்கள். நம் சபையில் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் சகோதரி ஒருத்திதான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பெஞ்சில் அம்மா மட்டும் இருந்தாள். கண் நோய்க்கு மெட்ராஸில் மெட்ராஸ் ஐ என்று பெயர். இங்கே கல்கத்தாவில் வங்காளதேசத்தை வைத்து ஜொய் பாங்ளா. என் வகுப்புப் பிள்ளைகள் அதற்குப் "பட்டக்கா கண்ணு" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மற்ற ஊர்களில் ஊர்ப் பெயரைத்தான் வைத்தார்கள். நம் சபையில்தான் ஒரு மனுஷியின் பெயர். அம்மாவுக்குக் கண் எப்போதோ சரியாகிவிட்டது. ஆனாலும் கோயிலுக்கு வரமாட்டேன் என்கிறாள். அறிவிப்பில் ஒரு வார்த்தை திருத்திச் சொல்ல வேண்டும்.

அதிகம் எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

இப்படிக்கு,
மஹிமா


கார்டன் ரீச்,
17.8.1996

செல்வி மஹிமா அவர்களுக்கு,

பொருள்: கறுப்புக் கண்ணாடி – ஆட்சேபணை – தொடர்பாக.
பார்வை: தங்கள் 12.8.96 தேதியிட்ட கடிதம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. நோய் கண்ட வீட்டிலிருந்து வந்ததாகையால் உடனே பிரிக்கவில்லை. வெயிலில் காயவைத்துப் படிப்பது என்று முடிவு செய்தேன். இரண்டு நாளாக வெயில் வரவில்லை. ஆகவே என் மனைவி சொர்ணத்தைக் கொண்டு இஸ்திரி போட்டுப் படித்தேன். முதல் பக்கம் தெளிவாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில் "இரண்டாவது விஷயம்" என்று தாங்கள் ஆரம்பித்த இடத்தில் பால்காரன் கூப்பிட்டதால் இஸ்திரிப் பெட்டி சற்று நின்றுவிட்டது. அதற்குப் பின் "மன்னிக்கவும்" என்பது மட்டும் தெரிகிறது. மன்னித்தேன். கருகிய பகுதி அவசியமானதாக இருந்தால் மறுபடி எழுதலாம்.

முதல் விஷயத்துக்கு என் பதில்: நோய் பார்வையில் பரவாது என்று தாங்கள் எழுதியிருப்பது அனுபவத்துக்கு விரோதமானது. எங்கள் ஆபீஸில் வெங்கட்ராமன் என்ற கிளார்க்குக்கு ஜூலையில் கண் சிவந்தது. அவரை நாங்கள் யாரும் தொடவில்லை. அவர் பக்கத்தில்கூடப் போகவில்லை. அவர் மேஜையிலிருந்து ஃபைல்கள் மட்டும்தான் எங்கள் மேஜைக்கு வந்தன. அப்படியிருந்தும் செக்ஷன் முழுவதும் படுத்துவிட்டது. பார்த்ததைத் தவிர நாங்கள் வேறு என்ன செய்தோம்? எனக்கு மட்டும் வரவில்லை, ஏனென்றால் நான் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன். என் சொந்தக் கண்ணாடி.

மேலும், மேற்படி டஜன் கண்ணாடிகள் கமிட்டி உறுப்பினர் இருவர் கிடர்பூர் மார்க்கெட்டில் அரைநாள் பேரம் பேசி வாங்கியவை. அவற்றில் நான்கு பெண்கள் மாடலாகவும் ஒன்று இருதய வடிவத்திலும் வந்துவிட்டதைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை. திட்டம் தொடரும்.

இன்னொரு தகவல். செப்டம்பர் 15 அறுப்பின் பண்டிகை அசன விருந்துக்கு இந்த வருடம் தங்கள் தாயார் சமைக்க வேண்டியதில்லை. அவருக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று கமிட்டி அன்போடு தீர்மானித்திருக்கிறது. வேறு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கர்த்தருடைய பணியில்,
ஜே. ஞானசிகாமணி
கௌரவச் செயலாளர், தமிழ்ச் சபை, கிடர்பூர்


சாந்த்ராகாச்சி,
20 ஆகஸ்ட் 1996

மதிப்பிற்குரிய ஐயா,

ஸ்தோத்திரம். இஸ்திரிப் பெட்டி நின்ற இடத்தில் இருந்தது இதுதான்: நீங்கள் அறிவிப்பில் சொன்னதால் அம்மா கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அதைத் திருத்திச் சொல்லுங்கள். முதல் தடவை இதை ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதியிருந்தேன். இப்போது சுருக்கமாக எழுத வருகிறது.

உங்கள் கடிதத்தில் ஓய்வு பற்றிய பகுதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வாசித்திருக்கக் கூடாது.  "பத்து வருசமா நூத்தம்பது பேருக்குச் சாம்பார் வச்சேன், அப்பல்லாம் யாருக்கும் என் ஓய்வு ஞாபகம் வரல பாத்தியா" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை நான் கடைசி வரிசையில் இருந்தேன். நீங்கள் முன்னால் இருந்ததால் பின்னால் நடந்தது தெரிந்திருக்காது. அதனால் எழுதுகிறேன்.

வெளியே மழை, உள்ளே கரண்ட் இல்லை, எல்லோர் கண்ணிலும் கறுப்புக் கண்ணாடி. போதகர் ஐயா கரக்பூரிலிருந்து வந்து பீடத்தில் ஏறித் திரும்பியதும் ஓரடி பின்வாங்கினார். சபை முழுக்க மஃப்டி போலீஸ் உட்கார்ந்திருப்பதுபோல இருந்திருக்கும். பாட்டு எண் சொன்னார்கள். ஒருவருக்கும் எழுத்து தெரியவில்லை. பாடகர் குழுத் தலைவர் பொன்னுத்துரை அண்ணாச்சி தைரியமாக ஆரம்பித்தார். அவர் ஆரம்பித்தது அடக்க ஆராதனைப் பாட்டு. தெரிந்த பாட்டாயிற்றே என்று சபையும் சந்தோஷமாகச் சேர்ந்துகொண்டது. இரண்டு சரணம் பாடிய பிறகுதான் முன் வரிசையில் யாரோ, "ஏ, செத்தது யாரு?" என்று கேட்டார்கள்.

காணிக்கைப் பை வந்தபோது ஒருவர் இருட்டில் பைக்குப் பதிலாகப் பக்கத்திலிருந்தவரின் குடைக்குள் காணிக்கை போட்டார். ரோட்டைப் பார்த்த ஜன்னல் வழியாகப் பெட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "கீ தீதி, ஆஜ் ஷூட்டிங் நாக்கி?" என்று என்னிடம் கேட்டார். சினிமா ஷூட்டிங் இல்லை, ஆராதனைதான் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "ஹ்யாங்" என்று சொல்லிவிட்டேன். ஆமாம் என்றால் அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் போய் இன்னும் நாலு பேரைக் கூட்டிவந்தார்.

இது சிரிக்க மட்டும். இனி எழுதுவது யோசிக்க.

ரூபாவதி ஆன்ட்டி எப்போதும் கண்ணுக்கு மை இடுவார்கள். காலை ஆராதனையில் அவர்கள் இருதய வடிவக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். மாலை ஜெபக்கூட்டத்தில் அதே கண்ணாடியைப் பொன்னுத்துரை அண்ணாச்சி போட்டார். கூட்டம் முடிந்து அவர் கழற்றியபோது அவருடைய இரண்டு கண்ணோரத்திலும் மை இருந்தது. அவர் வீட்டில் அன்று என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் மனைவி மட்டும் ரூபாவதி ஆன்ட்டியோடு பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

ஐயா, மை கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் அது ஒருவர் கண்ணிலிருந்து இன்னொருவர் கண்ணுக்குப் போனதை நாம் பார்த்தோம். நோய் கண்ணுக்குத் தெரியாது. அதுவும் அதே வழியில்தான் போகிறது. உங்கள் ஆபீஸ் ஃபைல்களும் அப்படித்தான்.

மஹிமா

பி.கு. இந்தத் தடவை இஸ்திரி போட வேண்டாம். அம்மாவுக்குக் கண் சரியாகிப் பல நாளாயிற்று.


கார்டன் ரீச்,
26.8.1996

செல்வி மஹிமா அவர்களுக்கு,

பொருள்: உடல்நலக் குறைவு – கமிட்டி உறுப்பினர்கள் – தொடர்பாக.

எனக்குக் கண் சிவந்துவிட்டபடியால் இதை என் மனைவி நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். (நான் சொர்ணம் ஆன்ட்டி. நல்லா இருக்கியாம்மா? இவருக்கு ரெண்டு கண்ணும் வீங்கித் திறக்க முடியல. நான் என்ன எழுதுறேன்னு பாக்க முடியாது.)

தங்கள் இரண்டாம் கடிதம் கிடைத்த அன்று மாலையே எனக்குக் கண் உறுத்த ஆரம்பித்தது. இஸ்திரி போடாமல் படித்ததுதான் காரணம் என்று நான் ஐயப்படுகிறேன். (அதெல்லாம் இல்ல. ஞாயித்துக்கிழமை இவர் சொந்தக் கண்ணாடி மேல ஆரோ உக்காந்துட்டாங்க. பெட்டியில இருந்து ஒண்ணு எடுத்துப் போட்டாரு. பொம்பளை மாடல்.)

கமிட்டியில் எழுவரில் ஐவர் படுத்துவிட்டோம். பொன்னுத்துரைக்கும் வந்துவிட்டது. பாடகர் குழுவில் ஆர்மோனியம் மட்டும்தான் நலமாக இருக்கிறது. ஆயினும் கமிட்டியின் தீர்மானம் தவறு என்று இதனால் முடிவு கட்டிவிட முடியாது. (தப்புத்தான்.) சொர்ணம், என்ன இவ்வளவு நேரம் எழுதுகிறாய், நான் சொன்னது ஒரு வரிதானே?

(மஹிமா, ஒரு விசயம் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு, கண்ணைவிட. நம்ம சபையில மொதல்ல கண் சிவந்தது உங்கம்மாவுக்கு இல்ல. எனக்கு. ஜூலை மாசம் இவரு ஆபீஸ்ல இருந்து கொண்டுவந்தாரோ என்னவோ, எனக்கு வந்துச்சு. கோயிலுக்கு வரல, படுத்துக்கிடுதேன்னு சொன்னேன். "செக்ரட்டரி வீட்டுல இருந்து பரவுச்சுன்னு பேர் வேண்டாம், கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு வா"ன்னாரு. வந்தேன். வாசல்ல நின்னு எல்லாருக்கும் கை குடுத்தேன். உங்கம்மாவுக்கும் குடுத்தேன். பொறவு இவரு அறிவிப்புல அப்படிச் சொல்லுவாருன்னு நான் நினைக்கல. பெஞ்சில இருந்து எந்திரிச்சவங்கள்ல நானும் ஒருத்தி. எந்த மூஞ்சியோட வந்து சொல்லுவேன்னு இருந்தேன். இப்ப காகிதத்துல சொல்லிட்டேன்.)

நிற்க. செப்டம்பர் முதல் ஞாயிறு திருவிருந்து. பதினைந்தாம் தேதி அறுப்பின் பண்டிகை. சபையில் பாதிப் பேருக்குக் கண் சரியில்லாத நிலையில் நோய் மேலும் பரவாமலிருக்க என்ன செய்யலாம் என்பது பற்றித் தங்கள் கருத்தைத் தெரிவிக்கலாம். இது ஆலோசனை கேட்பது ஆகாது. தகவலுக்காக மட்டும். (ஆலோசனைதான். சீக்கிரம் எழுது.)

கர்த்தருடைய பணியில்,
ஜே. ஞானசிகாமணி
(கையெழுத்து நாந்தான் போட்டேன். அவரு மேசைத் துணியில போட்டுட்டாரு.)


சாந்த்ராகாச்சி,
29 ஆகஸ்ட் 1996

மதிப்பிற்குரிய ஐயா,

ஸ்தோத்திரம். இந்தக் கடிதத்தை ஆன்ட்டிதான் உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள் என்று தெரியும். ஆகவே ஒரு விஷயத்தைப் பற்றி இதில் நான் ஒன்றும் எழுதவில்லை. ஆன்ட்டிக்கு நன்றி என்று மட்டும் எழுதுகிறேன். எதற்கு நன்றி என்று நீங்கள் கேட்டால் அது ஆன்ட்டியின் பாடு.

முதலில் ஒரு வெட்கமான செய்தி. எனக்கும் வந்துவிட்டது. துண்டு பற்றி உங்களுக்கு எழுதி அனுப்பிய நான், ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளின் முகத்தை என் புடவைத் தலைப்பால் வரிசையாகத் துடைத்துவிட்டு, வியர்த்தபோது அதே தலைப்பால் என் முகத்தையும் துடைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மா பார்த்துவிட்டு, "ஏளா, பி.எஸ்ஸி. படிச்ச கண்ணுக்கும் வருமா?" என்றாள். இதை ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து சாய்ந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

கேட்டதால் எழுதுகிறேன். கண்ணாடிகளை யாருக்கும் கொடுக்க வேண்டாம். வாசலில் வாளியில் தண்ணீரும், மக்கும், சோப்பும் வைத்து எல்லோரும் கை கழுவி உள்ளே வரட்டும். துடைக்க அவரவர் கைக்குட்டை. பாட்டுப் புத்தகத்தை அவரவர் வீட்டிலிருந்து கொண்டு வரலாம், மறந்தவர்கள் மனப்பாடமாகப் பாடலாம், போன வாரத்தைவிட மோசமாக இருக்க முடியாது. சமாதானம் சொல்லும்போது கை கொடுக்காமல் இருந்தால் போதும். திருவிருந்துப் பாத்திரத்தைப் பற்றி நான் சொல்லக் கூடாது. அது போதகர் ஐயாவின் காரியம். அவரிடம் கேளுங்கள், அவர் ஏதாவது வழி சொல்வார்.

இவையெல்லாம் சுலபம். கஷ்டமானது ஒன்று இருக்கிறது. கண் சிவந்தவர்கள் சரியாகும்வரை வீட்டில் இருக்க வேண்டும். நம் சபையில் யாரும் அப்படி இருக்க மாட்டார்கள். ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டில் இருந்தால் பேர் கெட்டுப்போகும். அம்மாவுக்கு என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தார்கள். அதனால் இனி யாருக்குக் கண் சிவந்தாலும் சொல்லமாட்டார்கள். மறைத்துக்கொண்டு வந்து எல்லோருக்கும் கை கொடுப்பார்கள். வாளியும் சோப்பும் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

வராமல் இருப்பவர் சபைக்கு ஒரு நன்மை செய்கிறார் என்று அறிவிப்பில் சொல்ல வேண்டும். அவர் பேரைச் சொல்லி நன்றி சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். யாராவது ஒருவர் பேர் முதலில் வந்துவிட்டால் பிறகு மற்றவர்களுக்குப் பயமிருக்காது. அந்த முதல் பேர் பெரியவர் பேராக இருந்தால் நல்லது. உங்கள் பேராக இருந்தால் மிகவும் நல்லது.

இதை உங்கள் முகத்துக்கு எதிரே நான் சொல்லியிருக்க மாட்டேன்.

மஹிமா


கார்டன் ரீச்,
3.9.1996

அன்புள்ள மஹிமா,

இன்று கண் திறந்திருக்கிறது. நானே எழுதுகிறேன். பொருள், பார்வை எதுவும் போடவில்லை. எந்தப் பொருளில் இதைச் சேர்ப்பது என்று தெரியவில்லை.

உன் கடிதத்தைச் சொர்ணம் வாசித்தபோது, "அது எதற்கு நன்றி?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கண்ணில் மருந்தை ஊற்றினாள். மறுபடி கேட்டேன். மறுபடி ஊற்றினாள். ஒரே நாளில் பாட்டில் காலியாகிவிட்டது. அதற்குப் பிறகு சொன்னாள். சொல்லி முடித்ததும் நான் கோபப்படுவேன் என்று சமையலறைக்குப் போய்விட்டாள். எழுந்து பின்னால் போய்ச் சண்டை போடலாமென்றால் எனக்குச் சமையலறை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. படுத்துக்கொண்டே யோசித்தேன். நான்தான் அவளைக் கண்ணாடி போடச் சொன்னேன். அறிவிப்பு எழுதியதும் நான்தான்.

முதல் தேதி ஆராதனையில் நடந்ததைச் சொர்ணம் வந்து சொன்னாள். போதகர் ஐயாவுக்கு முந்தின நாளே சொல்லியனுப்பியிருந்தேன். வாளி, மக், சோப்பு எல்லாம் வைத்தார்கள். சோப்பை முதல் பத்துப் பேருக்குள் யாரோ கொண்டுபோய்விட்டார்கள். பொன்னுத்துரை மகன் ஓடிப்போய் வேறு வாங்கிவந்தான். அதைக் கயிறு போட்டு வாளியில் கட்டிவைத்தார்கள். திருவிருந்தில் போதகர் ஐயா அப்பத்தைத் தாமே ரசத்தில் தோய்த்து அவரவர் உள்ளங்கையில் வைத்தாராம். யாரும் முணுமுணுக்கவில்லை.

முணுமுணுப்பு எல்லாம் சமாதானம் சொல்வதில்தான். கைகொடுக்கக் கூடாது என்றால் என்ன செய்வது? கும்பிடலாம் என்று ஒருவர் சொன்னார். "கோயிலுக்குள்ள மனுசனை மனுசன் கும்பிடுறதா?" என்று ரூபாவதி எழுந்துவிட்டாளாம். தலையை ஆட்டலாம் என்றார் ஒருவர். "பெங்காலிகள் எல்லாத்துக்கும் தலையாட்டுறாங்க, வித்தியாசம் தெரியாது" என்றார் இன்னொருவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆன ஆபிரகாம் அண்ணாச்சி, "எதுக்குத் தகராறு?" என்று விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்தார். அவருக்குப் பதில் மரியாதை செய்ய வேண்டுமே என்று அடுத்தவரும் வைத்தார். பிறகு சபை முழுக்க ஒருவருக்கொருவர் சல்யூட் வைத்துச் சமாதானம் சொன்னதாம். போதகர் ஐயா சிரிப்பை அடக்க அங்கிக் கையை வாயில் வைத்துக்கொண்டார் என்கிறாள் சொர்ணம். பெட்டிக்கடைக்காரர் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, இந்தப் படத்துக்கு என்ன பேர் என்று கேட்டாராம்.

அறிவிப்பில் என் பேரை முதலாவதாக வாசித்தார்கள். நோய் பரவாமலிருக்க வீட்டில் தங்கியிருக்கும் சகோதரர் ஞானசிகாமணிக்கு நன்றி என்று. எல்லோரும் என் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்களாம். அதைக் கேட்டதும் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டேன். இத்தனைக்கும் நன்றிதான் சொன்னார்கள். நான் அந்த நாற்காலியில் இருக்கக்கூட இல்லை. நான்காம் தேதி உன் அம்மா அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

மற்றவர்களும் அதற்குப் பிறகு சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஆராதனை முடிவதற்குள் நாலு பேர் எழுந்து, தங்களுக்குக் கண் உறுத்துகிறது, வீட்டுக்குப் போகிறோம் என்றார்களாம். அதில் இரண்டு பேருக்கு உண்மையாகவே உறுத்தியிருக்கலாம். பிரசங்கம் அன்றைக்குக் கொஞ்சம் நீளம்.

எட்டாம் தேதி ஞாயிறு அறிவிப்பை நானே வாசிக்கிறேன். நோய் முதலில் கண்டது செயலாளர் வீட்டில் என்று எழுதிவைத்திருக்கிறேன். சொர்ணம் அதைப் படித்துவிட்டு இன்று காலையிலிருந்து எனக்குக் காபியில் சர்க்கரை கூடப் போடுகிறாள்.

அசனத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் இதை எழுதியிருப்பேன் என்று நீ நம்ப வேண்டும். உன் அம்மா எப்போதும்போல் சமைக்க வர வேண்டும் என்று கமிட்டி சார்பில் ஓர் அழைப்பு இத்துடன் வைத்திருக்கிறேன். முத்திரை போட்டிருக்கிறேன்.

உன் கண் எப்படி இருக்கிறது?

ஜே. ஞானசிகாமணி


சாந்த்ராகாச்சி,
5 செப்டம்பர் 1996

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். என் கண் நன்றாக இருக்கிறது. உங்கள் கடிதத்தை இரண்டு கண்ணாலும் படித்தேன். சல்யூட் பகுதியை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது. ஆபிரகாம் அண்ணாச்சிக்கு இடுப்புப் பிடிப்பு இருக்கிறதே, எப்படி விறைப்பாக நின்றார் என்று கேட்டாள்.

எட்டாம் தேதி நீங்கள் வாசிக்கப்போவதை அவளிடம் சொன்னேன். "அவ்வளவு எதுக்கு? சொர்ணம்மாவ ஏன் சபையில இழுக்கணும்? அவ பாவம், புருசன் சொன்னதைக் கேட்டா" என்றாள். ஆகவே, யார் வீட்டில் முதலில் வந்தது என்று யாருக்கும் தெரியாது, ஞானப்பட்டு மூலமாக வரவில்லை என்று மட்டும் வாசித்தால் போதும் என்பது அம்மாவின் விருப்பம். ஆன்ட்டி அம்மாவைப் பார்க்க வந்தால் அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். சமையல் பற்றித்தான் பேசுவாள்.

இப்போது அழைப்பைப் பற்றி. முத்திரை போட்ட காகிதத்தைக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள். நன்றாக மடித்து என்னிடமே திருப்பித் தந்துவிட்டாள். "சாம்பாருக்கு ஆள் இல்லேன்னு கூப்பிடுறாங்க. சாம்பார் போவட்டும், நான் போவல" என்றாள். நான் ஆனமட்டும் சொல்லிப் பார்த்தேன். "நீ காகிதத்துல பேசுறவ. உனக்குக் காகிதம் போதும்" என்று சொல்லிவிட்டாள். 

எட்டாம் தேதி அறிவிப்பை வாசித்துவிட்டால் சபைக்கு அம்மாவின் பேர் சரியாகிவிடும். பிள்ளைகள் "பட்டக்கா கண்ணு" என்று சொல்வதை நானே நிறுத்திவிடுகிறேன், அவர்களுக்கு வேறு பேர் கண்டுபிடித்துத் தருகிறேன். ஆனால் அம்மா பயப்படுவது பேருக்காக இல்லை என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. தான் சமைத்து இறக்கிவைத்த பிறகு, பந்தியில் யாராவது ஒருவர் இலையை மடித்துவிட்டு எழுந்துபோவாரோ என்று பயப்படுகிறாள். ஒருவர் போதும். பெஞ்சிலும் முதலில் ஒருவர்தான் எழுந்தார்.

இதற்கு அறிவிப்பு போதாது. ஒரு காரியம் கேட்க வேண்டும் என்று முதல் கடிதத்திலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதி எழுதி அடித்துவிட்டேன். கண்ணாடியைப் பற்றியும் சோப்பைப் பற்றியும் எழுதுவது அதைவிடச் சுலபமாக இருந்தது. அப்பா இறந்தபோது நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். அதற்குப் பிறகு சந்தா விஷயமாக இரண்டு மூன்று தடவை வந்தீர்கள். ஒவ்வொரு தடவையும் வராந்தாவில் நின்றே பேசிவிட்டு, அம்மா காபி போட எழுந்தால், "இப்பதான் குடிச்சிட்டு வர்றேன்" என்று சொல்லிப் போய்விட்டீர்கள். அதெல்லாம் கண் நோய் வருவதற்கு வெகு நாள் முன்னால்.

இந்தச் சனிக்கிழமை அம்மாவுக்குப் பகல் டியூட்டி இல்லை. கிடர்பூரிலிருந்து பாலம் வழியாகச் சாந்த்ராகாச்சிக்குப் பஸ் இருக்கிறது. ஆன்ட்டியோடு வாருங்கள். உள்ளே வந்து உட்காருங்கள். அம்மா காபி போட்டுக் கொண்டுவருவாள். ஐயா, அதைக் குடியுங்கள்.

மஹிமா